இரவல் மேடம்

அந்த அம்மா எங்கள் மாடிக்குக் குடிவந்த சாயங்காலம், பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் படியில் நின்று என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இந்தத் தெருவுல ஏணி யாருகிட்டங்க இருக்குது?"

ஃபேன் மாட்ட வேண்டுமாம். நாலு வீடு தள்ளி வெள்ளையடிக்கிறவர் ஒருவர் இருந்தார். அந்தப் பக்கம் கைகாட்டினேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது, கைகாட்டியதே பெரிது. அந்த அம்மாவே போய்க் கேட்டு, ஏணியின் ஒரு முனையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அரசாங்கத்தில் அதிகாரி என்று சொல்லித்தான் வீடு பேசியிருந்தார்கள். ஏணி தூக்குகிற அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் இட்லிக் கொப்பரை கேட்டார். அதற்கு மறுநாள் இரண்டு நாற்காலி. சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். அங்கே அண்ணன் வீட்டில் தோட்டம் துரவு எல்லாம் இருந்தது, இல்லாத வீடு இல்லை. ஆனாலும் எது வேண்டுமென்றாலும் கடைக்குப் போவதற்கு முன்னால் தெருவில் கேட்டுவிடுவார்.

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிப் போகிற வேனை ஓட்டியவர். பூ வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டி ஓட்டி, பேச்சும் வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது.

"கவர்மெண்டு சம்பளம் வாங்குது, கரண்டி கூட ஓசிதான் போல. பேசாம 'இரவல் மேடம்'னு வாசல்ல ஒரு போர்டு மாட்டிரலாம்" என்றார். மெதுவாகச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாடிப்படியில் அந்த அம்மா நிற்கிறார்.

அவரோ சிரித்தார். "மாட்டுங்க. ஆனா போர்டு புதுசா வாங்காதீங்க. பழசு யாருகிட்டயாச்சும் கெடக்கும், கேட்டுப் பாருங்க."

அன்றிலிருந்து வீட்டுக்காரருக்கு அவர் 'இரவல் மேடம்'. எனக்கு மாடியம்மா.

தெருவில் யாரிடமும் இல்லாத சாமான் என்றால் வாங்குவார். டிரில்லிங் மிஷின் அப்படி வந்ததுதான். தன் சுவரில் இரண்டு துளை போட்டுக்கொண்டதும், ஒரு பெட்டியில் வைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழுதானால் சொல்ல வேண்டும், சரி பண்ணினால் அதையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு ஒரு பூட்டு போடக் கூடாதாம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பூட்டுனா நான் மட்டும்தான் எடுப்பனுங்க. எனக்கு இனிமேல் எங்க துளை போடோணும்?"

மிஷின் காணாமல் போய்விடும் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். போகவில்லை. எடுத்துப்போன தச்சர் மரத்துக்கு ஏற்ற பிட் ஒன்று வாங்கிப் பெட்டியிலேயே போட்டுவிட்டார். வேறொருவர் வயரை நீளமாக்கிக் கொடுத்தார். தகரத்தில் துளை போடுகிற பிட் ஒன்றும் வந்து சேர்ந்தது; யார் போட்டதென்று தெரியாது. வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏ புள்ள, மிஷினு குட்டி போட்டிருக்கு, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

மாடியம்மாவின் வேலை என்னவென்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஜில்லாவில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டரும், அதற்குள் ஓடுகிற புரோகிராமும் வாங்கிக் கொடுக்கிற பிரிவு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகப் போன் போடுவார். மேலே சிக்னல் எடுக்காது. நான் படிக்குக் கீழே தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் பேசுவதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

"ஏனுங்க, உங்க ஆஸ்பத்திரில மருந்து இருப்பு பாக்கறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க? யாரு எழுதிக் குடுத்தாங்க? நல்லா ஓடுதுங்களா? பெருமைக்குச் சொல்லாதீங்க, நெசமாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ சலித்துக்கொள்வது போலிருக்கும். இவர் விடமாட்டார். "அரசாங்கக் காசுல ஒருக்கா எழுதினதுக்கு மறுபடியும் அரசாங்கமே எதுக்குங்க காசு குடுக்கோணும்? உங்களுதைக் குடுங்க, நாங்க ஓட்டிப் பாக்கறோம்."

ஆபீசில் இவருக்கு நல்ல பேர் கிடையாது என்பதும் அந்தப் படியில் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ஃபைலை நிறுத்தி வைக்கிறார் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருந்தார்கள். "நிறுத்தலீங்க சார், கேட்டுட்டிருக்கறேன்" என்று ஒருநாள் பதில் சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். உடனே அவர் மேலே ஏறிப் போய்விட்டார். நிறுத்தாமல் தைத்திருக்கலாம் என்று தோன்றியது.

இந்த இரவல் பழக்கத்தால் எனக்கும் ஒருமுறை மனசு நொந்துபோனது. நான் அதிகம் படித்தவளில்லை, ஐந்தோடு சரி. ஆனால் ஜாக்கெட்டுக்கு அளவு பார்த்து வெட்டி வைத்த பேப்பர் கட்டிங் ஒன்று என்னிடம் உண்டு. தோள் இறங்காது, கை இழுக்காது. சின்னாளபட்டியிலிருந்தெல்லாம் பெண்கள் சுங்குடிச் சேலையோடு துணி கொண்டுவந்து தைக்கக் கொடுப்பார்கள். அடுத்த தெருவில் தையல் பழகிய பெண் ஒருத்தி, தோள் சரியாக வரவில்லை என்று மாடியம்மாவிடம் அழுதிருக்கிறாள். இவர் என் கட்டிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமல்.

எனக்குத் தெரிந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வராது. ஆனால் அவர் கொடுத்த முருங்கைக்கீரையை வாங்கி அப்படியே கூடையில் வைத்துவிட்டேன், ஆயவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தப்புங்கம்மா. என்னோடதைக் குடுக்கலாம், கேட்டு வாங்கினதைக் குடுக்கலாம். உங்களோடதை நான் எடுத்துக் குடுத்தது களவுதானுங்க."

அந்தப் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டார். ஆனாலும் அவள் அதற்குள் இன்னொரு தாளில் வரைந்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் துணி கொடுத்துவந்த ஒன்றிரண்டு பேர் அவளிடம் போனார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அதற்குப் பிறகு. செவ்வாயும் வெள்ளியும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். ஒருமுறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொள்ளும், மூச்சு திணறும். யாருக்கு எந்தக் கட்டில், எந்த நேரம், எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கம்பெனி விற்ற புரோகிராமில் இருந்தது. நர்ஸம்மா அதைப் பார்த்து முறைப்படி பேரைக் கூப்பிடுவார். நாங்களும் அந்த நேரத்துக்குப் போனால் போதும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். பழையதை இனிமேல் ஓட்டமாட்டார்களாம், புதியதை வாங்க வேண்டுமாம். உள்ளே இருக்கிற எங்கள் விவரம் எதுவும் வெளியே வராது. நர்ஸம்மா பாவம், முன்னால் வந்தவர்களை முதலில் படுக்க வைத்தார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் முன்னால் வர, தெம்பு வேண்டுமே. ஆள் துணை உள்ளவர்கள் விடியுமுன்னே துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். நான் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர் ஒருவர் மாடியம்மாவைத் தேடி வந்தார். மாடியில் இருந்த இரண்டு நாற்காலியும் எங்களிடம் இரவல் வாங்கியவை; அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தன. அதனால் பேச்சு எங்கள் முன்னறையில் நடந்தது.

"மேடம், புதுசு ரெடியா இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா ஒரே வாரத்துல ஓட வச்சிருவோம்" என்றார் அவர்.

"சரிங்க. பின்னால நாங்க வேண்டாம்னு சொன்னா, எங்க நோயாளிங்க விவரம் எங்க கைக்கு வருமுங்களா?"

"அது எங்க சிஸ்டத்துக்குள்ளதான் இருக்கும் மேடம்."

"வருமுங்களா, வராதுங்களா?"

"கம்பெனி பாலிசில அது இல்ல மேடம்."

கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஏன் தம்பி, ரத்தம் என்னோடது, பேரு என்னோடது. எனக்கே தர மாட்டீகளா?"

"ஐயா, அது நான் முடிவு பண்றதில்லைங்க" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துவிட்டுப் போனார். அவரையும் யாரோ வேலை வாங்குகிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். சனிக்கிழமை அவருக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பேசினால் இளைத்தது. அப்போதும் பேச்சை விடவில்லை.

"போய்ச் சொல்லு. ஊரெல்லாம் கேட்டது போதும்... கையெழுத்தைப் போடச் சொல்லு. நான் போனப்பெறகு என்னை யாருகிட்ட இரவல் கேக்குறது?"

நான் மாடி ஏறினேன். அவர் குடிவந்த நாளிலிருந்து நானாக ஏறிப் போனது அன்றைக்குத்தான். மாடியம்மா கையில் இருந்த ஃபைலை வைத்துவிட்டு எழுந்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "கையெழுத்துப் போட்டுருங்கம்மா" என்பதை மட்டும் எப்படியோ சொன்னேன்.

அவர் என்னை உட்காரவைத்தார்.

"அம்மா, நீங்க ஜாக்கெட்டுக்கு உள்ளே துணி விட்டுத்தானுங்க தைப்பீங்க? உடம்பு பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு?"

தலையாட்டினேன்.

"அவங்க துணியே விடாமத் தெச்சிருக்கறாங்க. பிரிக்கக் கூடாதுன்னு நம்மகிட்ட எழுதியும் வாங்கிட்டாங்க. இன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டா சீக்கிரமா வந்துருமுங்க, பொய் சொல்லலை. ஆனா இதே மாதிரி மறுபடியும் நிக்கும். அப்ப நான் இந்த ஊர்ல இருக்க மாட்டனுங்க. நீங்க இருப்பீங்க."

"அதுவரைக்கும் அவர் இருக்கணுமே" என்றேன். என் வாயிலிருந்து அப்படி வந்தது எனக்கே ஆச்சரியம்.

மாடியம்மா போனை எடுத்துக்கொண்டு படிக்கு இறங்கி, ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடமே பேசினார். வெள்ளிக்கிழமை முறை தவறியவர்கள் யார் யாரென்று கேட்டார். அன்றைக்கு மத்தியானமே கூடுதலாக ஒரு முறை ஓட்டச் சொன்னார். வீட்டுக்காரரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். மிஷினில் போட்ட பிறகு மூச்சு சீரானது. கட்டிலில் படுத்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

போடவில்லை. கடலோரத்து ஊர் ஒன்றில் அரசாங்க ஆஸ்பத்திரிக்காகவே எழுதிய புரோகிராம் இருந்ததாம். யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தார்களாம். அதைத்தான் அவர் அத்தனை நாளும் விசாரித்துக்கொண்டிருந்தார். சாமானுக்குக் காசு கிடையாது; கவனித்துக்கொள்கிற ஆளுக்கு மட்டும் கூலி. சரியாகப் பார்க்கவில்லை என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், சாமான் நம்மிடமே இருக்கும். நர்ஸம்மாக்கள் கேஸ்சீட்டுகளைப் பார்த்து விவரத்தையெல்லாம் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை அதை ஓட்டினார்கள்.

முதல் நாளே குளறுபடி. கடலோரத்து ஊரில் எல்லாரும் பக்கத்திலேயே இருப்பவர்கள் போல. அந்தப் புரோகிராம் யாருக்கு எந்த ஊர் என்றே பார்க்காது. அகரத்துக்காரருக்கும் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரருக்கும் விடிகாலை முறையைப் போட்டுவிட்டது. அவர்கள் பஸ் பிடித்து வரவேண்டாமா? டவுனிலேயே இருக்கிற எங்களுக்கு மத்தியானம். காலையில் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன, நர்ஸம்மா இல்லாத பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறியதும் பஸ்சில் வந்தவர்கள், "எங்க முறை எங்கம்மா?" என்று சத்தம் போடுகிறார்கள்.

"ஓசிச் சாமான வாங்கி வச்சா இப்படித்தான்" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் மாடியம்மா வந்தார். முகம் வெளிறியிருந்தது. "காலியா இருக்கற கட்டில்ல வந்திருக்கறவங்களைப் படுக்க வெச்சிருங்க" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். அப்படியே எங்கள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எந்த பஸ்ஸுல வருவீங்க? அது எத்தனை மணிக்கு இங்க வரும்? திரும்பிப் போக கடைசி பஸ் எதுங்க?"

வீட்டுக்காரரை உள்ளே கூட்டிப்போனார்கள். போகிறபோது திரும்பி, "மேடம் கண்டக்டர் வேலைக்கு வந்துட்டாங்க, டிக்கெட்ட எடுத்துருங்கப்பா" என்றார். கத்தியவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற வாத்தியார் ஒருவரைப் பிடித்து, ஊரும் பஸ் நேரமும் பார்த்து முறை போடுகிற மாதிரி அதை மாற்றினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிட்டது. அன்றைக்குச் சொன்ன நேரத்தில் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த செவ்வாயும் கூப்பிட்டார்கள்.

மாற்றியதை மாடியம்மா தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. கடலோரத்து ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார். "பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பீங்களாம்மா? ரெண்டு வாழைக்காயாச்சும் போட்டுத்தான குடுப்பீங்க" என்றார் என்னிடம். அங்கே நோயாளிகளைக் கூட்டிவருகிற வீட்டு ஆண்கள் கடலிலிருந்து கரை திரும்புகிற நேரத்தைப் பார்த்து முறை போட, நாம் சேர்த்த பஸ் நேரக் கணக்குதான் உதவுகிறதாம். அதைச் சொன்ன அன்றைக்கு அவர் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கு அத்தனை சிரிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு மாறுதல் வந்தது. வந்தபோது இருந்த அதே பெட்டியோடு போனார். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எதையாச்சும் எடுத்துட்டுப் போறீகளான்னு பாத்துட்டேன், ஒண்ணுமில்ல" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்தார். "கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. செத்த நேரம் பொறுத்துக்கங்க" என்றார்.

துண்டு போடுகிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். மாடியம்மா நம்பர் போனில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் இப்போது எந்த ஊரிலோ, எந்த வேலையிலோ. அவரிடம் என்னவென்று சொல்ல?

புரோகிராமைக் கவனித்துக்கொள்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மாடியம்மா காலத்தில் இருந்தவர்கள் இல்லை, அவர்களை மாற்றி வேறு ஆள் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நர்ஸம்மாவிடம் சொன்னாள்: "நேத்து இன்னொரு ஊர் ஆஸ்பத்திரில இதே மாதிரி நின்னுருக்குக்கா. அவங்களே சரி பண்ணி எல்லாருக்கும் போட்டுவிட்டிருக்காங்க. நான் எடுத்துப் போட வேண்டியதுதான்."

எடுத்துப் போட்டாள். வராந்தாவில் டீ விற்கிறவர் ஒரு சுற்று வந்து போவதற்குள் நர்ஸம்மா பேரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அகரத்துக்காரர் பேர் வந்தது. பிறகு எங்கள் பேர் வந்தது. வீட்டுக்காரர் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே போனார்.

போனைப் பையில் வைத்துவிட்டேன். மாடியம்மாவைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடத் தேவை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் வீட்டுக்காரர், கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நிற்கிறார்.

"அங்க என் ரத்தம் ஊரைச் சுத்திட்டு வருது, நீ இங்க குறட்டையா விடுற? யாரோ லாரிய ஸ்டார்ட் பண்றாங்கன்னு நர்ஸம்மா சன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க."

பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து சேலையை உதறிக்கொண்டேன். நல்ல பசி.